புதுப்பிப்பு: லெட் குளோரைடு வீழ்படிவுக் கணக்கு சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 0.03 மோலார் லெட் நைட்ரேட் 100 மிலி, 0.04 மோலார் சோடியம் குளோரைடு 100 மிலி. கலந்தால் வீழ்படிவு (கரையாமல் பிரிந்து படியும் திண்மம்) வருமா என்று கேட்டிருந்தேன். என் கணக்கில் வந்தது, விடையில் வராது என்றிருந்தது.

கலந்ததும் கன அளவு இரட்டிப்பாகும், செறிவைப் பாதியாக்கு என்றவர் சொன்னது சரி. ஆனால் பாதியாக்கியும் அயனிப் பெருக்கம் (லெட் செறிவு × குளோரைடு செறிவின் வர்க்கம்) 2.4 × 10⁻⁵ வந்தது. கரைதிறன் பெருக்கமோ (அயனிப் பெருக்கம் இதைத் தாண்டினால்தான் வீழ்படிவு வரும்) 1.7 × 10⁻⁵தான். அரை மணி நேரம் முழித்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது: குளோரைடு செறிவை 2ஆல் பெருக்கிவிட்டு வர்க்கமும் எடுத்திருக்கிறேன். அந்த 2, திண்ம லெட் குளோரைடு தானே கரையும் கணக்கில் வருவது. இங்கே குளோரைடு சோடியம் உப்பிலிருந்து வருகிறது, வர்க்கம் மட்டும் போதும்.

0.015 × (0.02)² = 6 × 10⁻⁶. 1.7 × 10⁻⁵ஐ விடக் குறைவு, அதனால் வீழ்படிவு இல்லை.