மறு: டெலிபோர்ட்டேஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

> நான் மொழிபெயர்க்கும் கதையில் விண்கலப் பொறியாளர் எந்திரத்தில் ஏறி மறைந்து வேறொரு கோளில் தோன்றுகிறார். எதிரே நிற்கும் சித்தர் குளிகையை, அதாவது மந்திரமேற்றிய ரசமணியை, வாயில் அடக்கிக்கொண்டு அதையே செய்துவிடுகிறார். இரண்டுக்கும் 'தொலைப்பெயர்ச்சி' என்று போட்டுவிடலாமா?

போடலாம். ஆனால் நாளைக்கு குவாண்டம் இயற்பியலை எழுத உட்காரும்போது மாட்டிக்கொள்வோம்.

ஆங்கிலச் சொல்லை 1931இல் புழக்கத்துக்கு விட்டவர் சார்லஸ் ஃபோர்ட் என்ற அமெரிக்கர். விளக்கம் கிடைக்காத விந்தைச் செய்திகளைத் தேடித் திரட்டியவர். அறிபுனைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1993இல் சார்லஸ் பென்னட் என்ற இயற்பியலாளர் உள்ளிட்ட அறுவர் எழுதிய கட்டுரையோடு இயற்பியலுக்குள்ளும் வந்துவிட்டது. அங்கேதான் பொருள் மாறுகிறது. துகள் எதுவும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. பெறுபவரிடம் இன்னொரு துகள் ஏற்கெனவே காத்திருக்கிறது. முதல் துகளின் நிலை மட்டும் அதில் போய் ஏறுகிறது. 1997இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் செய்துகாட்டியபோது இடம் மாறியது ஒளித்துகளின் தளவிளைவு நிலைதான், அதாவது ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பது. குவாண்டம் நிலையைப் படியெடுக்க முடியாது என்பது 1982இலேயே நிறுவப்பட்டது. ஆகவே புறப்பட்ட இடத்தில் அந்த நிலை மிஞ்சாது.

இது அச்சு அசலாகக் கூடு விட்டுக் கூடு பாய்தல் அல்லவா? சாத்தனூரில் இறந்து கிடந்த இடையன் மூலனின் உடலில், பின்னாளில் திருமூலர் எனப்பட்ட சிவயோகியார் புகுந்தார். மாடுகளை ஊர் சேர்த்துவிட்டு வந்து தேடினால், விட்டுப்போன உடலைக் காணோம். காத்திருந்த கூடு, வந்து புகுந்த நிலை, திரும்ப முடியாத பழைய கூடு, எல்லாமே பொருந்துகின்றன.

என் பரிந்துரை: கூடுபாய்ச்சல். வினை கூடுபாய்ச்சு, கருவி கூடுபாய்ச்சி.

> பாய்ச்சல் என்றதும் 'கண்ணிமைக்கும் நேரத்தில்' என்று வாசகர் நினைத்துவிட மாட்டாரா?

நினைப்பார்தான். அனுப்புபவர் தம் பக்கத்துத் துகள்களை அளந்து, அந்த முடிவை வானொலியிலோ கம்பியிலோ சொல்லி அனுப்பினால்தான் பெறுபவர் வேலையை முடிக்க முடியும். ஒளியை முந்த வழியே இல்லை. 2017இல் திபெத்திலிருந்து சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோளுக்கு, 1,400 கி.மீ. தொலைவு வரை செய்தபோதும் அந்த விதி மாறவில்லை. ஆனால் வயலுக்குத் தண்ணீரும்தான் பாய்ச்சுகிறோம், அதில் என்ன அவசரம் இருக்கிறது?

> கூட்டுப்பாய்ச்சல் என்று இரட்டிக்க வேண்டாமா?

வேண்டாம் ஐயா. நாடுகடத்தலை யாரும் நாட்டுக்கடத்தல் என்பதில்லையே. தவிர, இரட்டித்தால் நாலு பேர் பங்கு போட்டு மோட்டார் வைத்துத் தண்ணீர் விடுவது போலாகிவிடும்.

இனி கதைக்கு. பொறியாளரின் எந்திரம் ஆளையே அணு அணுவாகப் பிரித்து வேறிடத்தில் அடுக்குகிறது. அதற்கு 'ஆள்பெயர்ப்பி' போதும். சித்தர் உடலோடு வான்வழி போகிறார். ககனமார்க்கம் என்ற சொல் கைவசம் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்? ஆக, ஆய்வுக்கூடத்தில் உண்மையாக நடப்பதற்கு மந்திரவாதிச் சொல்லும், எவரும் செய்யாத எந்திரத்துக்கு அரசாணை வாசம் வீசும் சொல்லும் வாய்க்கின்றன. எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை.

மொழிபெயர்க்கும் நண்பரிடம் ஒரு சந்தேகம்: சித்தர் ரசமணிக் குளிகையோடு ஆள்பெயர்ப்பியில் ஏறும் அத்தியாயம் உண்டா? மணியையும் பிரித்துத்தானே அடுக்கியாக வேண்டும். அதில் ஏற்றிய மந்திரம் எந்த அணுவில் இருக்கிறதென்று பொறியாளர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? அந்தப் பக்கத்தை மட்டுமாவது முன்கூட்டி அனுப்பிவையுங்கள்.