சர்வர்ல ஒரு சென்சார் 127 டிகிரி காட்டுது, நம்பலாமா?

நைட்ஷிஃப்ட்:
ராத்திரி ரெண்டு மணிக்கு அலெர்ட் வந்து எழுப்பிடுச்சு, ஆக்ஸ்டின்னு (AUXTIN, போர்டுல கூடுதல் வெப்பநிலை அளவுக்கான இன்புட்) ஒரு சென்சார் 127 டிகிரியாம். பதறியடிச்சு ஓடிப்போய் பாத்தா பாக்ஸ்ல சூடே இல்ல, சிபியு 41லதான் இருக்கு. அது போதாதுன்னு மூணு ஃபேன் நின்னுடுச்சுன்னும் அலெர்ட், பிஎம்சில (சர்வரைத் தனியா கண்காணிக்கிற குட்டி கன்ட்ரோலர்) பாத்தா அதுல ரெண்டு 'என்ஏ', அதாவது ரீடிங்கே இல்ல, அதை என் ஸ்கிரிப்ட் 0ன்னு எடுத்துக்குது. எது நிஜம் எது குப்பைன்னு எப்படிப் பிரிக்கிறது? எல்லாத்தையும் ம்யூட் பண்ணவும் பயமா இருக்கு.

பழைய_ரேக்:
127ங்கற நம்பரே காட்டிக் குடுக்குது பாருங்க. 8 பிட் சைன்ட் எண்ணு -128ல இருந்து 127 வரைக்கும்தான் போகும், சென்சார் சிப்போட பின்ல தெர்மிஸ்டர் (சூட்டை அளக்கிற ரெசிஸ்டர்) எதுவும் மாட்டாம அந்தரத்துல விட்டிருந்தா ரீடிங் இப்படி ஏதாவது ஒரு ஓரத்துல போய் ஒட்டிக்கும். ஆனா உடனே இக்னோர்ல போட்டுடாதீங்க. எல்லா கோருக்கும் பத்து நிமிஷம் லோடு குடுங்க, நிஜ சென்சார்னா சிபியு சில செகண்ட்லயே ஏறும், போர்டு மெதுவா ஏறும், நிறுத்தினா இறங்கும். அவ்ளோ லோடுலயும் அசையாம 127லயே நின்னா அங்க ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்.

பிட்_அஞ்சு:
என்ஏ வேற, 0 வேற, இது ரெண்டையும் ஒண்ணாக்குனா கண்டிப்பா மாட்டிப்பீங்க. ஐபிஎம்ஐல (பிஎம்சிகிட்ட பேசுறதுக்கான ஸ்டாண்டர்டு) ரீடிங் கேட்டா நம்பரோட இன்னொரு பைட்டும் சேர்ந்து வரும், அதுல பிட் 5 செட் ஆகியிருந்தா 'ரீடிங் இல்ல'ன்னு அர்த்தம், நம்பர் என்னவா இருந்தாலும் தொடக்கூடாது. ஹோஸ்ட், அதாவது சர்வர், ஆஃப்ல இருக்கும்போதும் பிஎம்சி இப்பதான் ரீசெட் ஆகி எழுந்திருக்கும்போதும் என்ஏ வர்றது சகஜம். ஹோஸ்ட் ஓடிட்டிருக்க, நேத்து வரைக்கும் ஒழுங்கா காட்டின சென்சார் திடீர்னு என்ஏ ஆனா அதுக்குத் தனி அலெர்ட் வைங்க.

நைட்ஷிஃப்ட்:
ரொம்ப நன்றி. இன்னொண்ணு, 12 வோல்ட் லைன் ஓஎஸ்ல 10.6, பிஎம்சில 12.1 காட்டுதே?

பழைய_ரேக்:
சென்சார் சிப்பால 12 வோல்ட்டை நேரடியா அளக்க முடியாது, ரெசிஸ்டர் வெச்சுப் பிரிச்சுக் குறைச்சுத்தான் குடுப்பாங்க, அந்த விகிதம் போர்டுக்கு போர்டு மாறும், டிரைவருக்கு அது தெரியாது. சென்சார் கான்ஃபிக்ல அந்த விகிதத்தை வெச்சு நிஜ வோல்ட்டைக் கணக்குப் போடுற கம்ப்யூட் வரிய நீங்கதான் எழுதணும். ஏடிஎக்ஸ் (பவர் சப்ளைக்கான ஸ்டாண்டர்டு) கணக்குல கூடக்குறைய 5 சதவீதம், அதாவது 11.4ல இருந்து 12.6 வரைக்கும் சரி. சந்தேகம்னா மோலெக்ஸ்ல (பவர் சப்ளைல இருந்து வர்ற நாலு பின் கனெக்டர்) மஞ்சள் வயருக்கும் கருப்புக்கும் நடுவுல மல்டிமீட்டர் வெச்சுப் பாத்துடுங்க, அதுக்கு மேல சாட்சியே வேண்டாம். ஓஎஸ் டிரைவரும் பிஎம்சியும் ஒரே சிப்பைப் படிச்சா ஒண்ணு படிக்கும்போதே இன்னொண்ணு ரெஜிஸ்டர் பேங்க்கை (சிப்புக்குள்ள எந்தப் பகுதியைப் படிக்கணும்ங்கற தேர்வு) மாத்திப்போய் நடுநடுவுல தப்பு நம்பர் வரும், அதனால தொடர்ந்து மூணு தடவை வந்தா மட்டும் அலெர்ட் அடிக்கிற மாதிரி வைங்க.

நைட்ஷிஃப்ட்:
பாத்துட்டேன். மீட்டர்ல 12.08. ஆக்ஸ்டின் லோடுலயும் 127தான், இக்னோர் பண்ணிட்டேன். என்ஏ வந்த ரெண்டும் காலி ஹெட்டர், ஃபேனே மாட்டாத கனெக்டர். மூணாவது ஃபேன் நிஜமாவே 0ங்க, கேபிள் டையோட நுனி இறக்கைல மாட்டியிருந்துச்சு, வெட்டி எடுத்ததும் சுத்த ஆரம்பிச்சிடுச்சு.