கொலுசுக்கும் மூக்கனேரிக்கும் ஒரே கேமரா: முதல் எஸ்.எல்.ஆர். எதை வாங்கலாம்?

கேட்டவர்: செவ்வாய்ப்பேட்டையான்

அனைவருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்று உண்டு. வெளியூர் வியாபாரிகளுக்கு இதுவரை செல்போனில் எடுத்த படங்களையே அனுப்பி வந்தேன். திருகாணியின் வேலைப்பாடும் சலங்கை முத்துகளின் வரிசையும் அவற்றில் தெளிவாக விழவில்லை என்று பலரும் சொல்லிவிட்டதால், ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய கேமரா) வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

என்னால் ஒதுக்க முடிந்த தொகை நாற்பதாயிரம் ரூபாய். கொலுசுப் படங்களுக்காகவே வாங்குகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் மூக்கனேரிக்குப் போய்ப் பறவைகளைப் படமெடுக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது ஏற்காட்டுக்கு ஏற வேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருக்கிறது. தை மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து வருகிறது. அதையும் நானே எடுக்க நினைக்கிறேன்.

கடையில் கேனான் 1500டி கேமராவை இரண்டு லென்ஸ்களோடு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர், அதே பணத்தில் ஒருவர் பயன்படுத்திய நிக்கான் டி5600 அல்லது கேனான் 200டி II வாங்குவதே நல்லது என்கிறார். சித்தப்பா பிலிம் காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவருடைய நிக்கான் ஏஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ் பீரோவில் இருக்கிறது. நிக்கான் வாங்கினால் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியுமா? கொலுசை நெருங்கி எடுக்க 50 மி.மீ. லென்ஸ் அவசியம் என்று எங்கும் எழுதியிருக்கிறார்களே, அது சரிதானா?

பதில் 1: அம்மாபேட்டை பழைய ஸ்டுடியோக்காரர்

தம்பி, முப்பது ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளில் கேமரா தூக்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவைப் பற்றி இத்தனை கவலைப்பட வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றிலும் ஒளியைப் படமாக்கும் சென்சார் ஏறத்தாழ 24 மெகாபிக்சல்தான், உங்கள் வியாபாரிக்கு அதில் கால்வாசியே போதும். கவலைப்பட வேண்டியது லென்ஸைப் பற்றி.

முதலில் சித்தப்பாவின் லென்ஸ். நிக்கான் 1959இல் கொண்டுவந்த எஃப் மவுன்ட்டே (லென்ஸைப் பாடியில் பூட்டும் வளையம்) இன்றைய நிக்கான் எஸ்.எல்.ஆர். வரை தொடர்வதால், அந்த லென்ஸ் டி5600இல் பொருந்தும், ஒளியையும் சரியாக அளக்கும். ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. பெயரில் வெறும் ஏஎஃப் என்று இருக்கும் பழைய லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது, பாடியில் உள்ள மோட்டார்தான் திருகைச் சுழற்றி அவற்றை நகர்த்தும். டி3500, டி5600 போன்ற சிறிய பாடிகளில் அந்த மோட்டாரை வைக்காமல் விட்டுவிட்டார்கள். டி7200 போன்ற பெரியவற்றில்தான் அது உண்டு. முக்காலியில் நிறுத்தி எடுக்கும் கொலுசுக்குக் கையால் ஃபோகஸ் செய்வது சிரமமே இல்லை. காதுகுத்தில் குழந்தை வீறிட்டுத் தலையைத் திருப்பும் நொடிக்கு அந்த லென்ஸை நம்பாதீர்கள். கேனானில் இந்தக் குழப்பம் கிடையாது, ஏனென்றால் 1987இல் ஈஎஃப் மவுன்ட் வந்த நாளிலிருந்தே அவர்கள் மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள்.

அடுத்து, நெருங்கி எடுப்பதற்கு 50 மி.மீ. வேண்டும் என்ற பேச்சு. இது எப்படிப் பரவியது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் 35 செ.மீ. தொலைவுக்குக் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது, அதன் அதிகபட்ச உருப்பெருக்கம் 0.21தான். 1500டியோடு வரும் சாதாரண 18-55 கிட் லென்ஸோ 25 செ.மீ. வரை நெருங்கி 0.34 தருகிறது. 50இல் சுமார் பத்தரை செ.மீ. அகலமுள்ள பரப்பும், கிட் லென்ஸில் ஆறரை செ.மீ. பரப்பும் படம் முழுக்க நிறையும் என்பதுதான் இதன் பொருள். திருகாணியைக் காட்ட எது உதவும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் மேல் நெருங்க வேண்டுமானால் மேக்ரோ லென்ஸ்தான். ஒரு வருடம் கழித்து அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கொலுசுப் படம் கெடுவது பெரும்பாலும் கேமராவால் அல்ல, வெளிச்சத்தால். பளபளப்பான வெள்ளி ஒரு கண்ணாடி. அறையில் உள்ள டியூப்லைட், ஜன்னல் கம்பி, உங்கள் சட்டை எல்லாம் அதில் தெரியும். வடக்குப் பார்த்த ஜன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, அதன் வழியாக வரும் மெல்லிய வெளிச்சத்தில் கொலுசை வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, லென்ஸின் துளை எஃப் 8 அல்லது 11 (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்), முக்காலி, இரண்டு நொடி டைமர்; இவ்வளவு போதும். நல்ல முக்காலிக்குப் பட்ஜெட்டில் இடம் ஒதுக்கிவிட்டு மீதிப் பணத்தில் பாடியைத் தேடுங்கள்.

காதுகுத்து மண்டபம் வேறு கதை. அங்கே வெளிச்சம் குறைவு, நகர்ந்து பின்னால் போக இடமும் இருக்காது. பிலிமைவிடச் சிறிய இந்தக் கேமராக்களின் சென்சாரில் 50 மி.மீ. என்பது பிலிம் கேமராவில் 80 மி.மீ. போட்டதற்குச் சமம், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மாமனை எடுக்க நீங்கள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். இந்த இடத்தில்தான் எனக்கு நிக்கான் பக்கம் மனம் சாய்கிறது. 2009இல் வந்த அவர்களுடைய 35 மி.மீ. எஃப் 1.8ஜி டிஎக்ஸ் லென்ஸ் உள்ளே மோட்டார் கொண்டது, எடை 200 கிராம், இன்றும் கைமாறிய சந்தையில் எளிதாகக் கிடைக்கிறது. கிட் லென்ஸ் அதே 35 மி.மீ. நிலையில் எஃப் 4.5 அளவில் நிற்கும்போது, இது ஏறத்தாழ ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. கேனானில் இதே வகையில் மலிவாகக் கிடைப்பது 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம், சட்டைப்பையில் போடும் அளவு சிறியது, நல்ல லென்ஸ்தான், ஆனால் வெளிச்சத்தில் அதற்கு ஈடாகாது.

பதில் 2: காபிக்காட்டுக்காரி

சகோதரருக்கு வணக்கம். ஏற்காட்டில் காபித் தோட்டம் ஒன்றில் கணக்கு வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில் ஒரு பழைய 200டியில் படமெடுக்கிறேன். லென்ஸைப் பற்றி ஐயா சொல்லியதை முழுவதும் ஏற்கிறேன். மலைக்கு வரும்போது கவனிக்க வேண்டியதை மட்டும் நான் சொல்கிறேன்.

இங்கே 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்காலத்தில் மூடுபனி வாசல் வரை வந்து நிற்கும். பகோடா பாயின்டில் நின்று பனியை எடுத்தால் படம் சாம்பல் நிறமாக, அழுக்குத் துணிபோல வருவதற்குக் காரணம் உண்டு: எதிரே எது இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகக் கருதியே கேமராவின் ஒளிமானி கணக்கிடுகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு படி கூட்டினால் பனி பனியாகவே விழும். வெள்ளைத் தாளின் மேல் வைத்த உங்கள் கொலுசுக்கும் இதே வைத்தியம் பலிக்கும் என்று நினைக்கிறேன்.

மார்ச், ஏப்ரலில் முதல் மழைக்குப் பின் காபிச்செடி பூக்கும். சில நாள்கள்தான் நிற்கும். சில்வர் ஓக் நிழலுக்குள் வெளிச்சம் மிகக் குறைவு என்பதால் அங்கேயும் எஃப் 1.8 லென்ஸ் கைகொடுக்கும்.

பெரிய எதிரி பூஞ்சை. எங்கள் வீட்டுப் பீரோவில் தோல் உறைக்குள் வைத்திருந்த ஒரு நல்ல ஜூம் லென்ஸை இரண்டு மழைக்காலத்தில் இழந்தேன். தோல் உறையும் துணிப்பையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லைப் போட்டு, உள்ளே சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் வைத்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும். குளிர்ந்த கேமராவோடு சேலத்தின் வெக்கைக்கு இறங்கியவுடன் பையைத் திறந்துவிடாதீர்கள், கண்ணாடி வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வைத்திருந்து பிறகு திறக்கலாம். சித்தப்பாவின் லென்ஸையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

பதில் 3: கன்னங்குறிச்சி நாரை

மூக்கனேரிக் கரையிலேயே வசிப்பவன் என்பதால் பறவைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தொடங்குவதற்குக் கேனானின் 55-250 எஸ்டிஎம் போதும். 375 கிராம் எடையில் பிலிம் கணக்குக்கு 400 மி.மீ. எட்டும். நிக்கான் என்றால் 70-300 ஏஎஃப்-பி விஆர். பெயரில் விஆர் இல்லாத மலிவான வகை ஒன்றும் இருக்கிறது, அதில் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி கிடையாது, பார்த்து வாங்குங்கள். டி3200 போன்ற பழைய பாடிகளில் ஏஎஃப்-பி லென்ஸ்கள் வேலை செய்வதில்லை, டி5600இல் சிக்கல் இல்லை. பறக்கும் கொக்குக்கு ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடியாவது வேண்டும், ஆகவே இருட்டோடு வராதீர்கள், ஆனால் வெயில் ஏறும் முன் வந்துவிடுங்கள்.

ஒரு மாற்றுக் கருத்தும் சொல்ல வேண்டும். 2018இல் இரு நிறுவனங்களும் மிரர்லெஸ் எனப்படும் கண்ணாடியில்லாத கேமராக்களுக்குப் புதிய மவுன்ட்களைக் கொண்டுவந்தன. 2020க்குப் பிறகு இந்த இரண்டிடமிருந்தும் புதிய எஸ்.எல்.ஆர். பாடி எதுவும் வரவில்லை. இன்று புதிய எஸ்.எல்.ஆருக்கு முழு விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

செவ்வாய்ப்பேட்டையான்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். சித்தப்பாவின் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல வெண்மையாகப் படர்ந்திருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த லென்ஸ் போய்விட்டதென்றால் நிக்கானைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லையே? மிரர்லெஸ்ஸுக்கே போய்விடலாமா?

அம்மாபேட்டை பழைய ஸ்டுடியோக்காரர்

சித்தப்பாவிடம் சொல்லிவிடுங்கள், அவர் இதுபோல எத்தனையோ பார்த்திருப்பார். அந்த லென்ஸைப் புதிய லென்ஸ்களோடு ஒரே டப்பாவில் மட்டும் வைக்காதீர்கள்.

மிரர்லெஸ் நல்லதுதான், ஆனால் உங்கள் தொகையில் பாடியும் ஒரு லென்ஸும் வாங்குவதற்குள் கை காலியாகிவிடும். 35, தொலைநோக்கு ஜூம், முக்காலி மூன்றும் கனவாகிவிடும். எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால்தான் நல்ல எஸ்.எல்.ஆர். பொருள்கள் கைமாறி மலிவாக வருகின்றன, அந்த வாய்ப்பை ஏன் விட வேண்டும்? காதுகுத்தை மனதில் வைத்து நான் இன்னும் டி5600, கிட் லென்ஸ், 35 என்றே சொல்வேன். பறவை லென்ஸைத் தை கழிந்து வாங்குங்கள்.

பழைய பாடி வாங்கப் போகும்போது உங்கள் மெமரி கார்டை எடுத்துச் செல்லுங்கள். நிக்கானில் ஒரு படம் எடுத்து அந்தக் கோப்பின் விவரங்களைப் பார்த்தால் ஷட்டர் எண்ணிக்கை, அதாவது அந்தப் பாடி இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். கேனானில் பெரும்பாலும் அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். இந்த வகை பாடிக்குச் சுமார் ஒரு லட்சம் ஆயுள் என்பார்கள், முப்பதாயிரத்துக்குள் இருந்தால் தயங்காமல் பேரம் பேசலாம். துளையை எஃப் 16இல் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள், சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டையான்

சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன், ஐயா. அவர் லென்ஸை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, "பழைய பாடியை நீ தனியாகப் போய்ப் பார்க்காதே, நானும் வருகிறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஐந்து ரோடு பக்கம் ஒருவரிடம் டி5600 பார்க்கப் போகிறோம். மெமரி கார்டும் டார்ச்சும் பையில் வைத்துவிட்டேன்.