கதவுக்குள் ஷீட் ஒட்டுவது வீண் செலவா?

தாழ்சுருதி:
முன்கதவு ஸ்பீக்கர்களை மாற்றினால் பாட்டு நன்றாகக் கேட்குமா என்று ஸ்விஃப்ட் கார் வைத்திருக்கும் ஒருவர் இங்கே கேட்டிருந்தார். அதற்குக் கார் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் ஜிபிரோடுவாசி கொடுத்த பதில் இது (கதவுத் தகட்டில் அதிர்வை அடக்கவும் ஓட்டையை மூடவும் ஒட்டும் கனமான பசைத்தாள்தான் ஷீட், தாழ்ந்த கனத்த ஒலிதான் பேஸ்): "கதவுக்குள் ஷீட் ஒட்டுவதெல்லாம் வீண் செலவு. பெட்டியில் 300 வாட் என்று போட்ட ஸ்பீக்கராகப் பார்த்து வாங்குங்கள். கம்பெனி ஸ்டீரியோவிலேயே பேஸ் அள்ளிக்கொண்டு போகும்." இதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கைக்காசைப் போட்டு ஏமாறப் போகிறவர் விவரம் தெரியாத புதியவர் என்பதால்தான் தனியாக எழுதுகிறேன்.

கதவின் உட்புற மூடியான டோர் பேடைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதவின் உள்தகட்டில், கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியைப் பொருத்துவதற்காகக் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். அவற்றின் மேல் தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டும் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அதிரும் கூம்பான கோன் முன்னே வரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நேரத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், அதன் முன் ஒரு சாண் தூரம் பொருட்டே இல்லை என்பதால், ஒரு சாண் தள்ளியிருக்கும் ஓட்டை வழியாகப் பின்னொலி வெளியே வந்து முன்னொலியோடு சேர்ந்ததும் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மேல்சுருதிக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அதனால்தான் கடையில் மாட்டியவுடன் போட்டுக் காட்டும் பாட்டில் ஜால்ராவும் வயலினும் பளிச்சென்று கேட்கின்றன; மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலி மட்டும் காணாமல் போய்விடுகிறது. ஓட்டையை அடைக்காதவரை எந்த விலைக்கு ஸ்பீக்கர் வாங்கினாலும் இதே கதைதான்.

ஜிபிரோடுவாசி:
என் வார்த்தையை எடுத்துத் தலைப்பே போட்டுவிட்டீர்கள், ஆகவே பதில் சொல்ல வேண்டியவனாகிறேன். சென்னையில் கார் சாமான் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வெயிலில் நின்று கதவு கழற்றித் தலை நரைத்தவன் நான். நீங்கள் உங்கள் ஒரு காரின் கதவைக் கழற்றியவர். ஷீட் ஒட்டச் சொன்னால் எனக்குத்தான் லாபம், ஸ்பீக்கர் விலைக்குச் சமமாக ஒட்டுக்கூலியே வாங்கலாம். வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறவனைப் பார்த்து ஏமாற்றுகிறான் என்று எழுதுவது எந்த நியாயம்? ஆயிரக்கணக்கான பொறியாளர்களை வைத்துக் கார் செய்கிற கம்பெனிக்குத் தெரியாத ஓட்டையா உங்களுக்குத் தெரிந்துவிட்டது? ஷீட் தேவையென்றால் அவர்களே ஒட்டி அனுப்பியிருப்பார்கள்.

மின்னோட்டம்:
ஷீட் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த 300 வாட் கணக்கை யாராவது நேராக்க வேண்டும். அது ஒரு கணநேரம் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் ஆர்எம்எஸ் அளவு அதைவிட வெகுவாகக் குறைவாக இருக்கும், பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைவிட முக்கியம், அது ஸ்பீக்கர் தாங்கும் திறனே தவிர கொடுக்கும் ஒலி அன்று. ஸ்டீரியோவின் முகப்பில் "50 வாட் x 4" என்று இருப்பதும் இதே வகைதான். ஓடும் காரில் கிடைக்கும் 14.4 வோல்ட்டைத் தன்னாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் மின்தடையான 4 ஓமால் வகுத்துப் பாருங்கள், 51.8 வருகிறது, அதாவது சத்தம் முழுக்கச் சிதைந்து சதுர அலையாக ஆன நிலையில் கிடைக்கும் எண் அது. சிதையாத ஒலி அலைக்குக் காகிதக் கணக்கிலேயே சுமார் 26 வாட்தான் வரும், நடைமுறையில் 20-ஐ ஒட்டி இருந்தால் பெரிது. ஆகவே கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாதவர்கள் பார்க்க வேண்டியது, கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று காட்டும் சென்சிடிவிட்டி எண்ணைத்தான்: 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்துப் பெறும் சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் கொடுத்துவிடும்.

வெள்ளைஸ்விஃப்ட்:
முதலில் கேள்வி கேட்டவன் நான்தான். எனக்குக் கம்பெனி ஸ்டீரியோ போதும், ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் போடும் எண்ணம் இல்லை. ஆறரை அங்குலத்தில், மேல்சுருதிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் நடுவிலேயே இருக்கும் கோஆக்சியல் வாங்குவதா, அது தனியாக வரும் காம்போனென்ட் வாங்குவதா என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

தாழ்சுருதி:
மின்னோட்டம் சொன்னது முழுக்கச் சரி, நான் சொல்ல வந்ததற்கு அது வலுவே சேர்க்கிறது. கையில் இருப்பது 20 வாட் என்றால், அதில் பாதியை ஓட்டை வழியாக அழிய விடுவது எவ்வளவு பெரிய நட்டம்! ஜிபிரோடுவாசி மட்டும் வாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கம்பெனிக்குத் தெரியாதா என்கிறார். தெரியும். தெரிந்துதான் விலையைக் குறைக்கிறார்கள். அதே கம்பெனிதான் பேப்பர் கோனும் கட்டைவிரல் அளவு மேக்னட்டும் வைத்த ஸ்பீக்கரைப் போட்டு அனுப்புகிறது. அது சரியென்றால் நீங்கள் எதற்குக் கடை வைத்திருக்கிறீர்கள்? விலையுயர்ந்த கார்களின் கதவைத் திறந்து பாருங்கள், உள்தகட்டின் ஓட்டைகளைக் கெட்டியான மூடியால் திருகி அடைத்திருப்பதைக் காண்பீர்கள்.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். டோர் பேடைக் கழற்றுங்கள், ஸ்பீக்கர் அப்படியே இருக்கட்டும். கைப்பேசியிலிருந்து 80 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமான அளவில் ஓட விடுங்கள். கெட்டியான அட்டையை வெட்டி, பெரிய ஓட்டையின் மேல் வைத்து ஓரம் முழுக்க டேப் ஒட்டுங்கள். காலடியில் முனகிக்கொண்டிருந்த ஒலி நெஞ்சுயரத்துக்கு எழும்பி வருவதைக் கேட்பீர்கள். அட்டையைப் பிய்த்தால் மறுபடி ஒல்லியாகிவிடும். செலவு ஒரு அட்டைப்பெட்டி. இதைச் செய்துவிட்டு வந்து வீண் செலவு என்று எழுதட்டும், பார்க்கலாம்.

அடையாறுமழை:
தாழ்சுருதி ஐயா இப்போது எல்லோருக்கும் வகுப்பு எடுக்கிறார், ஆனால் போன மழைக்காலத்துக்கு முன்னால் மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில், ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் இடையில் வைக்கும் ஸ்பேசர் ரிங் வெட்டிப் போடுங்கள், பிளாஸ்டிக் ரிங் அதிரும் என்று இதே குரலில் எனக்குச் சொன்னவரும் அவர்தான். கதவுக்குள் கண்ணாடி வழியாகத் தண்ணீர் இறங்குவது இயல்பு. ஐப்பசி முடிவதற்குள் ரிங் ஊறிப் பருத்து, திருகுகள் பிடிப்பை விட்டு, ஸ்பீக்கரே கரகரக்கத் தொடங்கிவிட்டது. அதற்கு இன்றுவரை அவரிடமிருந்து பதில் இல்லை.

தாழ்சுருதி:
அடையாறுமழை பழைய கணக்கைத் தீர்க்க வந்திருக்கிறார். வெட்டிய ரிங்கின் எல்லாப் பக்கமும், குறிப்பாகத் திருகு ஓட்டைகளின் உள்பக்கமும், எபாக்ஸியோ மரவர்ணமோ பூசிக் காயவைத்துப் போடச் சொன்னேன். பூசினாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இங்கே பேச்சு ரிங்கைப் பற்றியது அன்று, ஓட்டையைப் பற்றியது.

ஜிபிரோடுவாசி:
ரிங் பேச்சு வந்ததும் ஓட்டைக்குள் ஓடி ஒளிகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்டைப் பற்றி நான் பேசவில்லை என்கிறார். பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் கேட்கிறார், அதிக எண் போட்டதில் மேக்னட்டும் பெரிதாக இருக்கிறது, இது என் அனுபவம்.

ஷீட் ஒட்டிய கதவில் பவர் விண்டோ மோட்டார் போனால் என்ன ஆகும் தெரியுமா? அந்த ஓட்டை இருப்பதே மெக்கானிக்கின் கை போவதற்குத்தான். ரப்பர் பசை கொண்ட பியூட்டைல் ஷீட்டைப் பிய்த்தால் கறுப்புப் பசை கை, கண்ணாடி, ஒயர் எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். அதைத் துடைத்து எடுப்பதற்குள் பாதி நாள் போய்விடும். மலிவான தார் ஷீட்டாக இருந்தால் சித்திரை வெயிலில் உருகி, காருக்குள் ரோடு போட்ட வாடை வரும். இன்னும் சிலர் கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டுத் துருப்பிடித்த கதவோடு வந்து நிற்கிறார்கள். இந்தப் பாவத்தையெல்லாம் யார் சுமப்பது?

கோன்வால்:
இருவரும் இரண்டு வேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளித்தகட்டின் அதிர்வை அடக்க ஷீட் ஒட்டுவது ஒன்று. உள்தகட்டின் ஓட்டைகளை அடைத்து முன்னொலியையும் பின்னொலியையும் பிரிப்பது வேறொன்று. அதிர்வை அடக்கத் தகடு முழுக்க ஒட்ட வேண்டியதே இல்லை, தட்டினால் டங்கென்று ஒலிக்கும் நடுப்பகுதியில் கால்வாசி ஒட்டினாலே போதும். வீண் செலவு என்பது இவற்றில் எதைப் பற்றியது என்று முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை குறையும்.

ஜிபிரோடுவாசி:
கால்வாசி போதும் என்று கோன்வாலே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் சொன்னதும் அதுதான்.

தாழ்சுருதி:
கோன்வால் நடுநிலை என்ற பெயரில் அவருக்கு வழி விட்டுக் கொடுக்கிறார். ஓட்டையை அடை என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுப் பேச வேண்டும்.

மோட்டார் பழுதானால் கை எப்படிப் போகும் என்று கேட்கிறார்கள். ஓட்டையின் மேல் ஷீட்டை நேராக ஒட்டுகிறவன் அரைகுறை. 2 மில்லிமீட்டர் ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகட்டையோ அலுமினியத் தகட்டையோ ஓட்டையைவிட இரண்டு விரல் அகலமாக வெட்டி, ஓரத்தில் ஃபோம் பட்டை ஒட்டி, திருகி இறுக்க வேண்டும். பழுது வந்தால் திருகைக் கழற்றினால் முடிந்தது. வெளித்தகட்டின் உட்புறத்தில்தான் பியூட்டைல் ஒட்ட வேண்டும். அதற்கும் முறை இருக்கிறது: தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போன பிறகு ஒட்டி, ஷீட்டின் மேல் இருக்கும் கட்டம் கட்டமான பதிவு தட்டையாகி மறையும்வரை சிறு உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அந்தப் பதிவு அங்கங்கே மேடாகத் தெரிந்தால் அடியில் காற்று இருக்கிறது என்று பொருள், அந்த இடம் வெயிலில் உரிந்து வரும். வடிதுளையின் பக்கமே போகக் கூடாது என்பது ஒட்டத் தெரிந்தவர் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரியாதவர் செய்த வேலையைக் காட்டி, வேலையே தவறு என்று சொல்வது எப்படி வாதமாகும்?

தீல்–ஸ்மால் எண்கள் என்று ஸ்பீக்கர் தயாரிப்பாளர்கள் அச்சிட்டுக் கொடுப்பது எதற்கு? ஒரு ஸ்பீக்கர் தன் பின்னால் இருக்கும் காற்றோடு சேர்ந்துதான் இயங்குகிறது என்பதை நெவில் தீல் 1961-லேயே கணக்காக்கிக் காட்டினார், 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். வீட்டு ஸ்பீக்கரில் அந்தக் காற்றை அடைத்து வைப்பது மரப்பெட்டி, காரில் அந்தப் பெட்டி கதவுதான். பெட்டியில் ஓட்டையை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைக் குறை சொல்லக் கூடாது.

மின்னோட்டம்:
ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணர்வதற்குக் கதவின் உள்வெளியில் காற்றழுத்த சென்சார் வைத்திருக்கிறார்கள். கதவு நசுங்கும்போது உள்ளே ஏறும் அழுத்தத்தை அது உணர்ந்து சொல்வதையும் வைத்துத்தான் ஏர்பேக் திறக்க வேண்டுமா என்று கார் முடிவு செய்கிறது. அப்படிப்பட்ட கதவில் ஓட்டைகளை நம் விருப்பத்துக்கு அடைப்பதோ திறப்பதோ ஆபத்து. கையேட்டைப் பார்த்துவிட்டுக் கை வைக்க வேண்டும்.

ஜிபிரோடுவாசி:
இதோ, உயிருக்கே ஆபத்து என்று படித்தவரே சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மின்னோட்டம்:
நான் அப்படிப் பொதுவாகச் சொல்லவில்லை, சில கார்கள் என்றுதான் எழுதினேன். அதே சென்சார் இருக்கும் கதவில் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடி அனுப்பும் உங்கள் கடை வேலையும் அதே ஆபத்துதான்.

ஜிபிரோடுவாசி:
என் கடையில் தாளைக் கிழித்ததை நீங்கள் பார்த்தீர்களா? பார்க்காததை எழுதக் கூடாது. கம்பெனி ஒயரை வெட்டாமல் செருகி இணைக்கும் கப்ளர் போட்டு மாட்டித் தருகிற கடை என்னுடையது. ஸ்பீக்கர் முனையில் ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டு, கோன் முன்னால் வருகிறதா என்று பார்த்து, பிளஸ் மைனஸ் உறுதி செய்த பிறகே திருகு போடுவேன். நான்கு கதவில் ஒன்று மாறியிருந்தாலும் பேஸ் செத்துப் போகும் என்பது கணக்குப் போடுகிறவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

தாழ்சுருதி:
நன்றி. ஒரு ஸ்பீக்கர் எதிர்த்திசையில் போனால் பேஸ் செத்துப் போகும் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரின் பின்புறமும் எதிர்த்திசையில்தான் போகிறது. அதை ஓட்டை வழியாக முன்னால் வர விட்டால் மட்டும் எப்படிச் சாகாமல் இருக்கும்?

ஜிபிரோடுவாசி:
அது வேறு, இது வேறு. என் வாடிக்கையாளர் ஒருவரும் திரும்பி வந்து பேஸ் இல்லை என்று சொன்னதில்லை.

வெள்ளைஸ்விஃப்ட்:
கோஆக்சியலா, காம்போனென்டா என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே.

கோன்வால்:
ஆம்ப் போடாதவருக்குச் சென்சிடிவிட்டி அதிகமான கோஆக்சியல் போதும். காம்போனென்ட் வாங்கினால் ட்வீட்டரைக் கதவின் வெளிப்புறப் பின்பார்வைக் கண்ணாடிக்கு உட்பக்கமுள்ள முக்கோணத்தில் வைக்கலாம், குரல் காலடியிலிருந்து முகத்துக்கு நேராக வரும். ஆனால் ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸோவருக்கு இடமும் ஒயர் வேலையும் கூடும். எதை வாங்கினாலும் ஸ்பீக்கரின் ஆழத்தை அளந்து, கண்ணாடி முழுக்க இறங்கும்போது மேக்னட்டில் இடிக்காது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாழ்சுருதி:
எதை வாங்கினாலும் ஓட்டையை அடைத்துவிட்டு வாங்குங்கள் என்பதைக் கோன்வால் ஏன் விட்டுவிட்டார் என்று தெரியவில்லை. ஜிபிரோடுவாசி இன்னும் 80 ஹெர்ட்ஸ் சோதனையைச் செய்யவில்லை. கடையில் கதவுக்குப் பஞ்சமில்லை, அட்டைக்கும் பஞ்சமிருக்காது. செய்துவிட்டு முடிவை எழுதட்டும். அதுவரை 300 வாட் போதும் என்று அவர் எங்கே எழுதினாலும் அதன் கீழே வந்து மறுத்து எழுதுவேன்.

ஜிபிரோடுவாசி:
எனக்குச் சோதனை வைக்க நீங்கள் யார்? கடைக்கு வாருங்கள், என் கையால் மாட்டிய காரில் உட்கார்ந்து கேளுங்கள், பிறகு பேசலாம்.

தாழ்சுருதி:
வருகிறேன். அட்டையும் டேப்பும் நானே கொண்டு வருகிறேன்.

அடையாறுமழை:
வரும்போது அந்த எம்டிஎஃப் ரிங்குக்கு ஒரு பதிலையும் கொண்டு வாருங்கள். மூன்று பக்கமும் மரவர்ணம் பூசித்தான் போட்டேன்.