டேக்ல ‘எச்’ இருந்தா யூதன்

நான் ஃபுளோரிடால வீட்டுக்கு வீடு போய் பிசியோதெரபி குடுத்துட்டிருந்தப்ப தொண்ணூறு தாண்டுன யூதத் தாத்தா ஒருத்தர் பேஷண்ட்டா வந்தாரு, முட்டி ஆபரேஷன், காலை மடக்கச் சொன்னா வலியை மறக்க பழங்கதையா பேசுவாரு. அமெரிக்க ஆர்மி 106வது டிவிஷன்ல சாதா சிப்பாய், ரெண்டாம் உலகப் போர்ல, 1944 டிசம்பர்ல, பெல்ஜியம் பக்கம் ஆர்டென் காட்டுல நடந்த சண்டைல ஜெர்மன்காரன்கிட்ட மாட்டிக்கிட்டாரு. அமெரிக்க சிப்பாய்ங்க கழுத்துல தொங்குற டேக்ல மதத்துக்கு ஒரு எழுத்து உண்டு, யூதன்னா ‘எச்’, ஹீப்ரூங்கறதோட முதல் எழுத்து. தூக்கி எறிஞ்சா உளவாளின்னு சுட்டுருவானோன்னு பயம், வச்சிருந்தா அதைவிடப் பயம். இவரு பனிக்குள்ள மிதிச்சுப் புதைச்சுட்டாரு.

கூட்ஸ் வண்டில அடைச்சு பாட் ஓர்ப்ங்கற ஊர்ல இருந்த கேம்ப்புக்குக் கொண்டு போனாங்க. சாப்பாடுன்னா தண்ணி சூப்பும் பங்கு போட்ட ரொட்டித் துண்டும்தான். யூதனெல்லாம் தனியா வான்னு ஆர்டர் வந்தப்ப இவரு ப்ராட்டஸ்டண்ட்னு சொல்லி தப்பிச்சாரு, கூட்டாளி ஒருத்தன் உள்ளதைச் சொல்லிட்டுப் போயிட்டான். பிப்ரவரில அங்கேருந்து 350 பேரை பெர்காவுக்கு அனுப்புனாங்க, புஹன்வால்ட்ங்கற நாஜி வதை முகாமோட கிளை, சுரங்கம் தோண்டுற வேலை. அதுல யூதருங்க 80 பேர் மாதிரிதான், மீதி ‘பாத்தா யூதன் மாதிரி இருக்கான்’, ‘வம்பு பண்றவன்’னு பிடிச்சுப் போட்டவங்க. எழுபதுக்கும் மேல செத்தாங்க, கூட்டாளியும் அதுல ஒருத்தன். இந்த இடம் வந்தா தாத்தா போதும்பாரு, நானும் காலை விட்டுருவேன்.

மறுமொழி: அதே டிவிஷன்ல ராடி எட்மண்ட்ஸ்னு ஒரு மாஸ்டர் சார்ஜெண்ட் இருந்தாரே! 1945 ஜனவரில சீகன்ஹைன் கேம்ப்ல யூதன் மட்டும் வெளிய நில்லுன்னு ஆர்டர் போட்டா இவரு 1275 பேரையும் நிக்க வச்சுட்டு ‘இங்க எல்லாருமே யூதங்கதான்’னாரு. ஆபீசர் துப்பாக்கிய நீட்டியும் அசையல, ஜெனிவா ஒப்பந்தப்படி பேரு, ரேங்க், நம்பர் மட்டும்தான் சொல்லணும்னுட்டாரு. சுமார் 200 யூதருங்க தப்பிச்சாங்க. 1985ல செத்துப் போனாரு, 2015ல இஸ்ரேல்ல இருக்குற யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேம், உயிரைப் பணயம் வச்சு யூதரைக் காப்பாத்துன மத்த மதத்துக்காரங்களுக்குக் குடுக்குற கௌரவத்தை இவருக்குக் குடுத்துச்சு, அந்த கௌரவம் கிடைச்ச முதல் அமெரிக்க சிப்பாய் அவருதான். உங்க தாத்தாவுக்கு இது தெரியுமா?

நல்லாவே தெரியும், நான் கேட்டும் பாத்தேன். எட்மண்ட்ஸும் முதல்ல பாட் ஓர்ப்லதான் இருந்தாராம், ஜனவரி கடைசில சார்ஜெண்ட் ரேங்க்காரங்களை மட்டும் சீகன்ஹைனுக்கு மாத்திட்டாங்க, சிப்பாய்ங்க அங்கேயே கிடந்தாங்க. ‘அவனுக்கு சட்டைக்கையில சார்ஜெண்ட் பட்டை இருந்திருந்தா இன்னைக்கு பேரன் எடுத்திருப்பான்’னு கூட்டாளியப் பத்திச் சொன்னாரு. எட்மண்ட்ஸ் மேல மரியாதைதான், பொறாமையெல்லாம் இல்ல. கொதிச்சது ஒரே விஷயத்துக்குத்தான், பெர்காவுல கைதிங்களை மேய்ச்ச அதிகாரிங்க ரெண்டு பேருக்கு போருக்கு அப்புறம் மரண தண்டனை குடுத்துட்டு, பின்னாடி அதையும் குறைச்சு, அம்பதுகள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே, அதுக்கு.