விலை முன்னறிவிப்பு வேலையில் இன்னும் மனதைவிட்டுப் போகாத ஒரு சந்திப்பு: உங்களுடையதையும் எழுதுங்கள்

பட்டறைவெங்காயம்:

சின்ன வெங்காய விலை பார்ப்பவர்களுக்கு 2020 செப்டம்பர் 14 ஞாபகம் இருக்கும். ஏற்றுமதித் தடை, எல்லா ரகத்துக்கும், உடனே அமல். பெரிய வெங்காயம் டெல்லியில் விலை ஏறியதற்கு நம்ம ஊர்ச் சின்ன வெங்காயம் மலேசியா போக முடியாமல் போனது. தடையில் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. சின்ன வெங்காயத்துக்கு ஏற்றுமதியில் தனிக் குறியீடு கேட்டு விவசாயிகள் எத்தனையோ மனு கொடுத்துவிட்டார்கள்.

நான் அப்போது விளைபொருள் விலை மதிப்பீடு தயாரிக்கும் ஒரு குழுவில் இருந்தேன். ஆகஸ்ட் கடைசியில் அக்டோபருக்கான விலை கொடுத்திருந்தோம். பத்து வருஷ மாத விலை, வரத்து, அரிமா மாதிரி (ARIMA, பழைய விலைகளின் போக்கை வைத்து வரும் விலையைக் கணிக்கும் புள்ளியியல் முறை), மண்டிக்காரர்களிடம் கேட்டது எல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு. அறிக்கையில் "ஏற்றுமதிக் கொள்கையில் மாற்றம் இல்லாத பட்சத்தில்" என்று ஒரு வரி இருந்தது. விவசாயிகளுக்குப் போன குறுஞ்செய்தியில் இல்லை. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துதான், கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்கு. வெட்டியது நான். போன செய்தி இதுதான்:

"சி.வெங்காயம் அக்டோபர் விலை கிலோ ரூ.45-50. இருப்பு வைக்கலாம்."

தடை வந்த மூன்றாம் நாள் பொங்கலூர் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறையில் நாலு டன் வைத்திருந்தார். "சார், லாரி வந்து நிக்குதுங்க. ஏத்தட்டுங்களா, இருக்கட்டுங்களா?" பின்னால் வண்டிக்காரர் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மதிப்பீடு மட்டும்தான் சொல்ல வேண்டும், விற்கச் சொல்லவோ வைக்கச் சொல்லவோ கூடாது என்பது எங்களுக்கு விதி. "புது மதிப்பீடு வந்ததும் சொல்றோம்ங்க" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "செரிங்க" என்று வைத்துவிட்டார். அன்றைக்கே கிலோ 28 ரூபாய்க்கு ஏற்றிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

அக்டோபரில் மழை புது வெங்காயத்தை அடித்துவிட்டது. தடை இருந்தும் விலை நாங்கள் சொன்னதற்கு மேலே போய்விட்டது. எனக்கு அந்தக் கணக்கு தப்பானது பெரிதாகத் தெரியவில்லை. அந்த "செரிங்க"தான் காதில் நிற்கிறது.

விரலி:

என்னுடையது மஞ்சள். ஈரோட்டில் 2010-இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியதும், 2012-இல் 5,000-க்கும் கீழே வந்ததும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த 15,000-ஐப் பார்த்தவர்கள் பலர் அதே விலை திரும்பும் என்று குடோனில் வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு விவசாயிகள் கூட்டத்தில் நான் மதிப்பீட்டைப் படித்தேன். விலை ஏறும் என்று சொன்னேன், சொன்னபடியே ஏறவும் செய்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனபோது பெரியவர் ஒருவர் மேல்துண்டில் முடிந்திருந்த விரலி மஞ்சளை எடுத்து என் மேஜையில் வைத்து ஒடித்தார். உள்ளே வெறும் மாவு. வண்டு குடைந்திருந்தது. ஓட்டை வழியாகக் கொட்டிய தூள் நான் படித்த தாளின் மேலேயே விழுந்தது. "அம்மிணி, நீங்க சொன்ன விலை இதுக்கும் உண்டுங்களா?" என்றார்.

இல்லை. நாங்கள் சொல்வது சராசரித் தரத்துப் புதுச் சரக்குக்கு. பழைய சரக்குக்கு மார்க்கெட்டில் தனி விலை, அதை நாங்கள் கணிப்பதே இல்லை. அதை அவரிடம் சொன்னேன். தாளைத் தட்டிச் சுத்தம் செய்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏலச்சீட்டு:

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விலை பதிந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு நாள் நல்ல மழை. வந்தது ஒரே ஒருவருடைய இரண்டு மூட்டை மக்காச்சோளம், அதுவும் நனைந்தது. அதன் விலைதான் அன்றைய விலையாகக் கணினியில் ஏறியது. அடுத்த வாரம் வந்த ஒரு பொருளாதார நிபுணர் விலை வரைபடத்தில் அந்தப் புள்ளியைக் காட்டி "இங்கே ஏன் சரிந்தது?" என்று கேட்டார். மூட்டையை நான் தொட்டுப் பார்த்தது ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். அவர் குறித்துக்கொள்ளவில்லை.

பட்டறைவெங்காயம், நீங்கள் பதில் சொல்லாமல் இருந்ததே சரி. விற்காதே என்று சொல்லி அழுகியிருந்தால் யார் பொறுப்பு? விவசாயிகளும் சில விஷயங்களைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றக்கூடாது. மூன்றாகப் பிரித்து, முதல் பங்கைக் கடனுக்கும் கூலிக்கும் உடனே விற்றுவிட வேண்டும். இரண்டாவதை மதிப்பீட்டைப் பார்த்து விற்கலாம். மூன்றாவதுதான் காத்திருப்பதற்கு. மஞ்சள், மக்காச்சோளம் என்றால் விற்பனைக்கூடக் குடோனில் வைத்துப் பொருளீட்டுக் கடன் (சரக்கை ஈடாக வைத்து வாங்கும் கடன்) வாங்கலாம், மதிப்பில் 75 சதவீதம் வரை கிடைக்கும். அவசரத்துக்கு விற்க வேண்டாம். குடோனில் வைத்தாலும் மாதம் ஒரு முறை மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விரலி சொன்ன பெரியவர் அதைச் செய்திருந்தால் வண்டு முதல் வருஷமே தெரிந்திருக்கும். விலையைக் கேட்கும்போது எந்தத் தரம், எந்த மார்க்கெட், அன்று எத்தனை மூட்டை வரத்து என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். வரத்து தெரியாத விலையை நம்பாதீர்கள்.

தீவனக்கணக்கு:

ஏலச்சீட்டு ஐயா, மூன்றாகப் பிரிக்கிறதெல்லாம் குடோன் உள்ளவருக்கு. நாலு டன் வெங்காயத்துக்கு லாரிக்காரர் மூன்று தடவை வருவாரா? அந்தப் பெரியவர் மூட்டையைப் பிரித்துப் பார்க்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், விதி என்று சொல்வதையும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "இருப்பு வைக்கலாம்" என்று அனுப்பிய பிறகு, வைக்கட்டுமா என்று கேட்பவரிடம் ஆலோசனை சொல்ல மாட்டோம் என்பது எப்படி?

நாமக்கல்லில் கோழித்தீவனத்துக்கு சோயா புண்ணாக்கு விலை கணிப்பது என் வேலை. 2021-இல் கிலோ நூறு ரூபாயை நெருங்கி, ஆகஸ்டில் 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி வந்தது. டிசம்பர் 20 அன்று சோயா முன்பேர வர்த்தகத்தையே (பின்னால் கைமாறும் சரக்குக்கு இப்போதே விலை பேசும் வர்த்தகம்) நிறுத்திவிட்டார்கள். என் கணிப்பு மாதிரிக்கு அந்த முன்பேர விலைதான் கண்ணாக இருந்தது. அன்று மத்தியானம் ஒரு பண்ணைக்காரர் ஜனவரி விலை கேட்டார். "தெரியலைங்கண்ணா" என்றேன். "தெரியலைன்னு நீ சொல்லி இப்பத்தான் கேக்கறேன், தம்பி. அப்ப ஒரு மாசத்துக்கு மட்டும் வாங்கிக்கறேன்" என்றார். ஐந்து வருஷத்தில் நான் கொடுத்த பதில்களில் அவருக்கு உபயோகப்பட்டது அதுதான் என்று தோன்றுகிறது. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது, முன்பு தெரியாத நாட்களிலும் ஒரு எண் கொடுத்திருக்கிறேன்.

பட்டறைவெங்காயம்:

தீவனக்கணக்கு கேட்டது நியாயம். "இருப்பு வைக்கலாம்" என்பது அறிக்கையிலேயே கிடையாது. செய்தி மொட்டையாக இருக்கிறதே என்று நான் சேர்த்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். அனுப்பியது 60 எழுத்து. அந்த இரண்டு வார்த்தையை எடுத்துவிட்டு "தடை வந்தால் பொருந்தாது" என்று போட்டால் 65 வருகிறது.