போரான் குடும்பத் தனிமங்கள்: உங்களால் மறக்க முடியாத ஓர் அனுபவம்?

ஆய்வக உதவியாளர்
காலியம் உள்ளங்கையில் உருகுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். எங்கள் பேராசிரியர் ஓர் அலுமினியக் குளிர்பானக் கேனை உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடத்தில் ஒரு துளி காலியம் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அதைத் தொட்டேன். விரல் பட்ட இடம் நனைந்த அப்பளம்போலப் பிய்ந்து உள்ளே போனது. பளபளப்பு மட்டும் அப்படியே இருந்தது! அலுமினியப் படிகங்களின் எல்லைக்கோடுகளில் காலியம் புகுந்து அவற்றைப் பிரித்துவிடுமாம். தனிம அட்டவணையில் நேர் கீழே இருக்கும் காலியம், மேலே இருக்கும் அலுமினியத்தை இப்படிச் செய்யலாமா? இந்தக் குடும்பத்தில் கீழே போகப் போக உருகுநிலை குறைவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பட்டறை வீட்டுப் பிள்ளை
எங்களுக்குப் போரான் என்றால் அது கலந்த வெங்காரம்தான் (போராக்ஸ்). உலோகத்தைப் பற்றவைக்க அப்பா பொடிவைத்து ஊதும்போது பக்கத்திலேயே நிற்பேன். தீ பட்டதும் படிகத்தில் உள்ள நீர் வெளியேற, வெங்காரம் வெள்ளையாகப் பொங்கும். பிறகு அடங்கிக் கண்ணாடியாக உருகி ஓடும். செம்பில் படிந்த ஆக்சைடை அது கரைத்துக்கொள்வதால், ஆறிய கண்ணாடியில் நீலம் பாய்ந்திருக்கும். அந்த நீலத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அந்தக் கண்ணாடியை அப்பா படிகார நீரில் கொதிக்கவைத்துக் கழற்றுவார். படிகாரத்தில் இருப்பது அலுமினியம், அதுவும் இதே குடும்பம்.

வேதியியல் ஆசிரியை
முதல் பதிவின் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. உருகுநிலைகளைப் பாருங்கள்: போரான் 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல், அலுமினியம் 660, காலியம் 29.8, இண்டியம் 157, தாலியம் 304. காலியத்தில் விழுந்து மீண்டும் ஏறுகிறதே, இது எப்படிக் குறைவதாகும்? ஒரு மாணவி வகுப்பில் எழுந்து, "கீழே போனால் அணு பெரிதாக வேண்டும், காலியம் ஏன் சிறியது, டீச்சர்?" என்று கேட்டாள். அணுவின் ஆரம் அலுமினியத்துக்கு 143 பிக்கோமீட்டர், காலியத்துக்கு 135. இடையில் 3d என்ற உள்கூட்டில் வந்து சேர்ந்த பத்து எலக்ட்ரான்கள் உட்கருவின் ஈர்ப்பைச் சரியாக மறைப்பதில்லை, அதனால் வெளிக்கூடு உள்ளே இழுக்கப்படுகிறது. முதல் அயனியாக்கும் ஆற்றலும், அதாவது அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றலும், குறையாமல் மோலுக்கு 577.5-இலிருந்து 578.8 கிலோஜூல் ஆகிறது. போக்கு என்று மனப்பாடம் செய்தவர்கள் இடறும் இடம் இதுதான்.
உதவியாளருக்கு ஒன்று: காலியத்தைக் கண்ணாடிக் குப்பியில் வைக்காதீர்கள். உறையும்போது விரிந்து குப்பியை உடைத்துவிடும். பிளாஸ்டிக் போதும், அதிலும் முழுக்க நிரப்ப வேண்டாம். அலுமினிய ஏணி, தராசு, ஜன்னல் சட்டம் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. விமானத்தில் அது அரிக்கும் பொருள்களின் பட்டியலில் இருப்பதும் இதனால்தான்.

பயிற்சி மருத்துவர்
ஆசிரியை தாலியத்தை ஓர் எண்ணோடு முடித்துவிட்டார். எனக்கு அது ஒரு நோயாளியின் சீப்பு. கால் எரிகிறது என்று வந்தவருக்குச் சில நாளில் முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. தாலியம் கலந்த எலிமருந்துதான் காரணம். மந்த இணை விளைவு என்று தேர்வுக்குப் படித்தோமே, அதன் முகம் அதுதான். வெளிக்கூட்டின் 6s எலக்ட்ரான் இரண்டும் பிணைப்பில் சேராமல் ஒதுங்கி நிற்பதால் தாலியம் +1 ஆகவே நிற்கிறது. அளவிலும் மின்சுமையிலும் பொட்டாசியத்தை ஒத்திருப்பதால் உடல் அதை உள்ளே விட்டுவிடுகிறது. பிரஷ்யன் நீலம் என்ற நிறமியை மருந்தாகக் கொடுத்தோம், குடலில் அது தாலியத்தைப் பிடித்து வெளியேற்றும். அவர் பிழைத்தார்.

புதிய உறுப்பினர்
இண்டியத்தை யாரும் தொடவில்லையே? கம்பியை வளைத்தால் கிறீச்சிடும் என்கிறார்கள். காதால் கேட்டவர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.